உழைத்த உடலுக்கும் உரிமை உண்டு

"உழைத்துப் பிழைப்பவனுக்கு உடற்பயிற்சி எதற்கு?" என்னும் வினா இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இன்றும் காதில் விழுகின்ற வினா. வினாவாக அமைந்திருப்பினும் உண்மையில் அது ஒரு விடை. பகலெல்லாம் பளு தூக்கியவன், பட்டறையில் நின்றே பொழுதைக் கழித்தவன், கண்டெய்னர் லாரியில் இரவெல்லாம் விழித்திருந்தவன், அதற்கு மேலும் ஓடவும் குனிந்து நிமிரவும் வேண்டுமோ என்று கேட்பதில் ஒரு நியாயம் இருக்கவே செய்கிறது. உடற்பயிற்சி என்பது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்னும் எண்ணமும் அதனுள் மறைந்திருக்கிறது. ஆகவே இவ்வினாவை எள்ளி ஒதுக்குதல் தகாது. உடல் யாருடையது, அதனைப் பேணுதல் கடமையா தன்னலமா, பேணும் பழக்கம் பலரிடம் நிலைக்காமற் போவது ஏன் என்னும் மூன்று வினாக்கள் இதனுள் அடங்கியுள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

வடசென்னை உடலுழைப்பால் எழுந்த ஊர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. இயற்கைத் துறைமுகம் அமையாத கடற்கரையில் கல்லைக் கொட்டிக் கட்டிய துறைமுகத்தில் மூட்டைகள் மனித முதுகுகளின் மேலேயே ஏறி இறங்கின. எண்ணூரில் 1948இல் மோட்டார்த் தொழிற்சாலை தோன்றிற்று. திருவொற்றியூரில் தீப்பெட்டியும் மோட்டார் சைக்கிளும் டயரும் உருவாயின. 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. இவ்விடங்களிலெல்லாம் ஆடவனின் உடலே முதல். அவ்வுடல் ஓய்ந்தால் அன்றைய அடுப்பும் ஓய்ந்தது.

ஆனால் அந்த உழைப்பின் இயல்பு இன்று மாறிவிட்டது. சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கண்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. நூறு பேர் சுமந்த சரக்கை ஒரு பாரந்தூக்கி இரும்புப் பெட்டியோடு எடுத்து வைக்கும் காலம் வந்தது. முதுகு தப்பியது நன்றே. எனினும் மூட்டை சுமந்தவரின் மகன் இன்று லாரியின் இருக்கையில், துறைமுக வாயிலை நோக்கி நீளும் வரிசையில், மணிக்கணக்காக அமர்ந்திருக்கிறான். அவன் அண்ணன் மண்ணடியில் கல்லாவில் அமர்ந்திருக்கிறான். தம்பி கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கிறான். மூவரும் களைத்தே வீடு திரும்புகின்றனர். மூவருமே உடலை அசைத்தவர் அல்லர். களைப்பு வேறு, உழைப்பு வேறு என்பதை நாம் முதலில் உணர வேண்டும். உண்ணும் உணவோ மூட்டை சுமந்த தந்தையின் அளவாகவே நிற்கிறது. பரோட்டாவும் இனிப்புத் தேநீரும் நள்ளிரவு பிரியாணியும் அந்த அளவை மேலும் உயர்த்தியுள்ளன. இந்தியாவில் நீரிழிவு நோயாளர் தொகை 10 கோடியைத் தாண்டிவிட்டதென 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு அறிவித்தது. அந்தத் தொகையில் நம் தெருவும் அடங்கும்.

உழைப்பு உடலைக் காக்கிறதா என்பதை உலகம் முன்னரே ஆராய்ந்துள்ளது. இலண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களையும், படியேறி இறங்கிய நடத்துநர்களையும் ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் ஒப்பிட்டார். நடத்துநர்களிடம் இதயநோய் குறைவாக இருந்ததென்று 1953இல் எழுதினார். அமெரிக்க அறிஞர் பாஃபன்பார்கர், சான் ஃபிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர் 6,351 பேரை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1975இல் முடிவை வெளியிட்டார். கடுமையாகப் பளு தூக்கியோரிடையே இதயநோய் மரணம், இலேசான வேலை பார்த்தோரிடையே இருந்ததில் ஏறத்தாழப் பாதியளவாக இருந்தது. இவை உழைப்பவனின் பக்கம் நிற்கும் சான்றுகள்.

ஆனால் வழக்கு இத்துடன் முடியவில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு செய்த ஆய்வு 2021இல் வேறொன்றைக் கூறிற்று. ஓய்வு நேரத்தில் தாமாக விரும்பி உடலை இயக்கியோருக்கு இதயநோயும் மரணமும் குறைந்தன. பிழைப்புக்காகக் கடுமையாக உழைத்தோருக்கோ அவை குறையவில்லை, கூடின. வறுமையும் புகையும் இதற்குக் காரணமாகலாம் என்று வாதிடுவோரும் உளர். ஆயினும் ஆய்வாளர் காட்டும் ஒரு காரணம் நம் அனுபவத்தோடு பொருந்துகிறது. பயிற்சி சிறிது நேரம் நிகழ்வது, மூச்சு வாங்கும், பின் ஓய்வு உண்டு, உடல் தேறி முன்னிலும் வலுவடையும். கூலி வேலையில் நிறுத்தும் உரிமை உழைப்பவனிடம் இல்லை. ஒரே மூட்டு, ஒரே முதுகு, ஒரே அசைவு. எட்டு மணி நேரமும் இரத்த அழுத்தம் தணிவதில்லை. தேறுவதற்குள் அடுத்த ஷிப்டு வந்துவிடும்.

ஆகவே உழைப்பு உடலிலிருந்து எடுக்கின்றது. பயிற்சி உடலில் இடுகின்றது. ஒரு கணக்கில் எடுத்துக்கொண்டே இருந்து இடாமலிருந்தால் என்ன நேரும் என்பதைக் கடைக்காரருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

தியாகமா, கடனா?

இனி அறம் பற்றிய வினா. நம் குடும்பங்களில் ஒருவகை ஆடவரைப் பெரிதும் போற்றுகிறோம். தனக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், வலியைச் சொல்லாமல், மருத்துவரிடம் செல்லாமல், "பிள்ளைகளுக்காகத் தேய்ந்தார்" என்று பெயர் பெறுபவர் அவர். தம் உடலுக்கென நாளில் அரைமணி எடுத்துக்கொள்வதை அவர் திருட்டாகக் கருதுகிறார். அந்த அரைமணி குடும்பத்துக்கு உரியதன்றோ என்று நினைக்கிறார். இந்த உள்ளம் இழிந்த உள்ளமன்று, உயர்ந்ததுதான். ஆனால் அதன் கணக்குத் தவறானது.

சர்க்கரையை மறைத்தவரின் காலில் புண் வருகிறது. இரத்த அழுத்தத்தை அளக்காதவர் ஒருநாள் பேச்சிழந்து, ஒரு பக்கம் அசைவிழந்து, ஸ்டான்லி மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்படுகிறார். அதன்பின் அவரைப் புரட்டிப் படுக்கவைப்பவர் யார்? மனைவி. படிப்பை நிறுத்தி வேலைக்குப் போகிறவன் யார்? மூத்த மகன். நகையை அடகு வைப்பது எந்தப் பெண்ணுக்காகச் சேர்த்த நகையை? எவருக்காகத் தேய்ந்தாரோ அவர்கள் மீதே அந்தத் தேய்மானத்தின் கடன் இறங்குகிறது. கேளாதவருக்குச் செய்த தியாகம், இறுதியில் கேளாதவர் தலையில் ஏற்றிய சுமையாக முடிகிறது. தன் உடலைப் பேணாதிருத்தல் தன்னலமின்மை என்று எண்ணுவோர் இதனை ஒருமுறை நின்று சிந்திக்க வேண்டும்.

உடலும் உயிரும் அமானிதம் என்பது நாம் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்த கருத்து. அமானிதம் என்பது உரியவர் கேட்கும்போது திருப்பித் தரவேண்டிய பொருள். அதை அலமாரியில் பூட்டிவைத்துப் பயன்படுத்தாமல் இருப்பதும் முறையன்று. நம்முடையதே போல் செலவழித்துத் தீர்ப்பதும் முறையன்று. நபித்தோழர் ஸல்மான் (ரலி), தம் சகோதரர் அபுத்தர்தா (ரலி) பகலெல்லாம் நோன்பிருந்து இரவெல்லாம் வணங்கி உடலையும் இல்லாளையும் மறந்திருக்கக் கண்டு, இறைவனுக்கும் தன் உடலுயிருக்கும் குடும்பத்துக்கும் தனித்தனியே உரிமையுண்டென எடுத்துரைத்ததும், நபிகள் நாயகம் (ஸல்) அதனைச் சரியென ஏற்றதும் பலர் அறிந்த வரலாறு. அங்கே உடலின் உரிமையை மறைத்தது இறைவணக்கம். வணக்கத்தின் பெயராலேயே அந்த உரிமையை மறுக்கலாகாது என்றால், ஓவர்டைமின் பெயரால் மறுக்கலாமா? உடலின் உரிமையும் குடும்பத்தின் உரிமையும் ஒன்றோடொன்று பகை என்று அந்த வரலாறு கூறவில்லை. அடுத்தடுத்து நிறுத்தியே கூறுகிறது.

வெற்றிக்காகப் பழகிய உடல்

உடலைப் பயிற்றும் கலை வடசென்னைக்குப் புதியதன்று. தண்டாலும் பஸ்கியும் கர்லாக் கட்டையும் சிலம்பமும் ஆங்கிலக் குத்துச்சண்டையும் இங்கே மீனவரையும் துறைமுகத் தொழிலாளரையும் ஒரே மண்ணில் நிறுத்தின. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று குருவழியாகப் பிரிந்து நின்று மோதிய குத்துச்சண்டைக் காலத்தை 2021இல் வெளிவந்த திரைப்படம் ஒன்று இளைஞர்க்கு நினைவூட்டியது. முஹம்மது அலியே 1980இல் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டியில் கையுறை அணிந்து நின்றார். அன்று அவரைக் கண்ட தலைமுறையினர் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வர்.

அந்த மரபில் ஒழுக்கம் இருந்தது. விடியலில் எழுதல், ஆசானுக்குப் பணிதல், உணவில் கட்டுப்பாடு, மதுவை விலக்கல் ஆகியன இருந்தன. ஆயினும் போட்டி முடிந்தபின் எத்தனை பேரிடம் அந்த ஒழுக்கம் நிலைத்தது? மேடைக்காகவே பழகிய உடல், மேடை போனபின் எதற்காகப் பழக வேண்டுமென்று தெரியாமல் திகைக்கும். சிலருடைய வலிமை அடியாள் வேலைக்கு விலைபோயிற்று; சிலருடையது சாராயத்தில் கரைந்தது. வெற்றியை இலக்காக வைத்த பழக்கம் வெற்றியோடும் தோல்வியோடும் முடிந்துபோவது இயல்பே. இன்று கண்ணாடி பதித்த ஜிம்களில் திருமணத்துக்கு மூன்று மாதம் முன்பு சேர்ந்து, வலீமா விருந்தோடு நின்றுவிடும் இளைஞரின் நிலையும் இதுவே. மார்பின் அகலத்தை உலகுக்குக் காட்டும் ஆசை ஓர் எரிபொருள்தான். அது விரைவில் எரிந்து தீரும்.

மேலும், மிக வலிய உடலும் நம் கையில் நிலைப்பதன்று. உலகையே வென்ற முஹம்மது அலிக்கு 1984இல் நடுக்குவாத நோய் இருப்பது கண்டறியப்பட்டது. நடுங்கும் கையோடு அவர் முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 2016இல் மறைந்தார். பயிற்சி நோயின்மைக்குக் கொடுக்கப்பட்ட உறுதிச்சீட்டு அன்று. நலமாக இருப்பவன் நல்லவன், நோயுற்றவன் பொறுப்பற்றவன் என்று தீர்ப்புக் கூறும் உரிமை எவருக்கும் இல்லை. பேணுதல் நம் பொறுப்பு. விளைவு நம் கையில் இல்லை. இந்த வேறுபாட்டை உணர்ந்தவனுக்குத்தான் பழக்கம் நிலைக்கும். ஏனெனில் அவன் விளைவுக்காகப் பேரம் பேசுவதில்லை.

பழக்கம் எவ்வாறு பிறக்கிறது?

ரியாளத் என்னும் அரபுச் சொல் உடற்பயிற்சிக்கும் பயன்படுகிறது. உள்ளத்தைப் பக்குவப்படுத்தும் பயிற்சிக்கும் பயன்படுகிறது. மருத்துவ மேதை இப்னு ஸீனா தம் கானூன் நூலில் உடல்நலம் காக்கும் முறைகளுள் ரியாளத்தை விரித்துரைத்தார். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் உள்ளப் பயிற்சி பற்றிய பகுதிக்கு அதே சொல்லைத் தலைப்பில் வைத்தார். தக்கணத்து ஊர்களில் மல்யுத்தக் கூடத்துக்குத் தாலீம் என்று பெயர். தாலீம் என்றால் கல்வி. உடலைப் பழக்குவதும் கல்வியே என்று சொற்களே சான்று பகர்கின்றன.

பழக்கம் மன உறுதியால் மட்டும் பிறப்பதன்று, செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் பிறப்பது என்பது இமாம் கஸ்ஸாலி அவர்களின் கருத்து. அழகிய கையெழுத்து வேண்டுபவன், அழகாக எழுதுபவனின் கை செய்வதைத் தன் கையால் முதலில் வலிந்து செய்ய வேண்டும். நாளடைவில் அது இயல்பாகிவிடும் என்கிறார். கல்வி தேடுபவன் ஓர் இரவு சோம்பியதால் கல்வியை இழப்பதுமில்லை, ஓர் இரவு படித்ததால் அறிஞன் ஆவதுமில்லை. ஆனால் ஓர் இரவின் சோம்பல் மறு இரவை அழைக்குமென்று எச்சரிக்கவும் செய்கிறார். ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர் 96 பேரைக் கொண்டு இதனையே சோதித்தனர். நாள்தோறும் ஒரு குறித்த வேளையில் செய்த சிறு செயல் தானே நிகழும் பழக்கமாவதற்கு நடுவளவாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களிலேயே ஆயிற்று, சிலருக்கு 254 நாட்கள் ஆகுமெனக் கணக்கிட்டனர். இடையே ஒருநாள் தவறியது பழக்கத்தைப் பெரிதும் குலைக்கவில்லை.

இதிலிருந்து நாம் பெறும் பாடங்கள் எளியன. முதலாவது, செயல் சிறிதாக இருத்தல் வேண்டும். குறைவாயினும் இடைவிடாத செயலே விரும்பத்தக்கது என்பது நம் மார்க்கமும் கற்பித்த நெறி. இரண்டாவது, முன்னரே நிலைபெற்ற ஒரு வேளையோடு அதனைப் பிணைத்தல் வேண்டும். நாளை ஐந்தாகப் பகுத்து வாழும் நமக்கு வேளையைத் தேடி அலைய வேண்டுமா? சுபுஹு தொழுதுவிட்டு வீடு திரும்புமுன் அரைமணி நடப்பவன் புதிய நேரம் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை; இருந்த கதவின் வழியே வெளியேறுகிறான். மூன்றாவது, கூட்டம் வேண்டும். தனியே நடப்பவன் மழைக்கு நிற்பான். நால்வராக நடப்பவன் மற்ற மூவருக்காக வருவான். வரிசையில் தோளோடு தோள் நிற்கக் கற்ற சமுதாயத்துக்கு இதுவும் புதிதன்று. ஆனால் தொழுகையையே உடற்பயிற்சி என்று கூறி மனநிறைவு கொள்வோர் உளர். தொழுகை தொழுகைதான். அதன் பயனை மூட்டுவலித் தைலத்தின் பயனோடு ஒப்பிடுவது அதனை உயர்த்துவதாகாது.

எவ்வளவு போதும்? வாரத்துக்கு 150 நிமிடமேனும் விரைந்த நடை போன்ற மிதமான இயக்கமும், இரு நாட்களேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்தது. நாளொன்றுக்கு 20 நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவே. பளு தூக்குபவனுக்குத் தேவை மேலும் பளுவன்று; மூச்சு விரியும் நடையும், இறுகிய முதுகைத் தளர்த்தும் பயிற்சியும், முழு உறக்கமுமே. அமர்ந்திருப்பவனுக்குத் தண்டாலும் பஸ்கியும் தேவை. இரவு ஷிப்டு பார்ப்பவன் உறக்கத்தைத் திருடி நடையை வாங்கலாகாது. நாற்பதைக் கடந்தவன் முதலில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து பார்த்தல் நலம். நெஞ்சில் வலியோ மூச்சுத் திணறலோ உள்ளவன் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

தனிமனிதன் மட்டுமா பொறுப்பு?

இவ்வளவும் கூறியபின் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. நட என்று சொல்கிறோம்; எங்கே நடப்பது? எண்ணூர் முகத்துவாரத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2017 சனவரியில் இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் வீடுகளுக்குள் புகுந்தது. அதே மாதத்தில் நள்ளிரவில் அமோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடினர். ஆழ்ந்து மூச்சிழுக்கச் சொல்லும் அறிவுரை, இழுக்கும் காற்றைப் பற்றி வாய் திறவாமலிருந்தால் அது பாதி அறிவுரையே. தூய காற்றையும் நடைபாதையையும் விளையாட்டுத் திடலையும் கேட்பது உடலைப் பேணுவதன் ஒரு பகுதி. மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை 2023இல் அரசு வகுத்தது நல்லதே. லாரிகளுக்கிடையே வாழும் தெருக்களுக்கும் அத்தகைய பாதை வேண்டும்.

ஜமாஅத்துக்கும் இதில் பங்குண்டு. இரமளானில் நோன்புக் கஞ்சி காய்ச்ச அண்டா வாங்கும் நிருவாகம், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றையும் வாங்கி வைக்கலாம். மாதம் ஒருநாள் தொழுகைக்குப் பின் அளந்து பார்க்க ஏற்பாடு செய்யலாம். விருந்தின் பெருமையை இறைச்சியின் எடையால் அளக்கும் வழக்கத்தைப் பெரியவர்கள் தாமே குறைத்துக் காட்டலாம். திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் பெரும்பாலும் உணவின் அளவைப் பற்றியே பேசுவதை நம் இளைஞர் அறிவது நலம்.

வீட்டுக்குள்ளும் ஒரு நீதி உண்டு. ஆடவன் நடைக்குப் போய்த் திரும்புமுன் பிள்ளைகளை எழுப்பி, நீர் பிடித்து, சமைத்து, அவனுக்கெனத் தனியே உப்புக் குறைத்த குழம்பும் வைப்பவள் மனைவி. அவள் உடலும் அமானிதமே. அவனது அரைமணி அவளது தோளிலிருந்து பறித்ததாயின் அது நற்பழக்கம் ஆகாது. ஒருநாள் அவன் நடக்க, மறுநாள் அவன் அடுப்பருகே நின்று அவள் நடக்கட்டும். இருவரும் சேர்ந்து நடக்க வாய்த்தால் இன்னும் நன்று. அவ்வீட்டுச் சிறுவர் அதைப் பார்த்தே வளர்வர். பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் பொருளுள் இதுவும் ஒன்று.

உழைப்பவனுக்கு உடற்பயிற்சி எதற்கு என்று தொடங்கினோம். உழைப்பவனின் உடல் முதலாளிக்கும் கடன்காரனுக்கும் குடும்பத்துக்கும் நாள்தோறும் பங்கு கொடுக்கிறது. அந்தப் பங்கீட்டில் உடலின் பங்கு மட்டும் விடுபட்டுப் போகிறது. நாளுக்கு அரைமணி என்பது அந்தப் பங்கு. அதைக் கொடுப்பவன் எவரிடமிருந்தும் எதையும் எடுக்கவில்லை. நாளை சுபுஹுக்குப் பின் ஒரு தெருவளவு நடந்து பார்க்கட்டும். மறுநாளும் அதே தெருவை நடக்கட்டும்.